ஏரிக்கரைக் கல்வியும் கண்மாய்க்கரைக் கிராமமும்
(சோழவந்தான் வட்டாரத்து ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



அறுவடை முடிந்து, கால்வாயில் தண்ணீர் நின்று, கண்மாயின் அடித்தளம் வெடித்துக் கிடக்கும் சித்திரை, வைகாசி மாதங்கள் கிராமத்தில் வேலை குறைந்த காலமாகும். கொடிக்காலுக்குக் கிணற்று நீர் இறைப்போர் தவிர மற்றையோர் பகற்பொழுதைச் சாவடியிலும் மரத்தடியிலும் கழிப்பது வழக்கம். அதே மாதங்களில் சோழவந்தான் ரயில் நிலையத்தைக் கடந்து வடக்கே செல்லும் வண்டிகளில் கூட்டம் மிகுந்திருக்கும். வாடிப்பட்டியை அடுத்து அம்மையநாயக்கனூர். கோடைக்கானல் ரோடு என்ற பெயர் கொண்ட அந்நிலையத்தில் இறங்கி மலைக்குச் செல்வோரே அவர்களிற் பலர். மதுரைக்கு ரயில் வந்த 1875-ஆம் வருஷம் முதல் இக்காட்சி நடந்து வருகிறது. தலைமுறை தலைமுறையாக இவ்வூரார் அதைக் கண்டிருக்கின்றனர். அம்மலைமேல் ஏரிக்கரையில் கூடியவர்கள் யாவர், கூடி என்ன செய்தனர், அதனால் சமவெளிக் கிராமத்தார் கற்கத் தக்கது யாது என்பதை ஆராய்வதே இப்பிரசங்கத்தின் நோக்கம்.

கோடைக்கானல் உல்லாசத்தின் பொருட்டு ஏற்பட்ட ஊர் அன்று. உயிருக்கு அஞ்சி ஏற்பட்ட ஊர். யாழ்ப்பாணத்தில் தொண்டு செய்துவந்த அமெரிக்க மிஷனெரிகள் 1834-ஆம் வருஷத்தில் மதுரைக்கு வந்து தங்கள் மிஷனை நிறுவினர். காய்ச்சலும் பேதியும் அவர்களையும் அவர்களுடைய மனைவி மக்களையும் வாரிக்கொண்டு போயின. பத்து வருஷங்களுக்குள் பலரை அடக்கம் செய்த பின்னர், பழனி மலைமேல் சுமார் 7,000 அடி உயரத்தில் ஒரு சோலையின் அடிவாரத்தைத் தேர்ந்து, 1845-ஆம் வருஷத்தில் இரண்டு சிறு பங்களாக்களைக் கட்டினர். கோடைக்கானல் பட்டணத்துக்கு அதுவே தொடக்கம். வெயிற் காலத்தில் சில வாரங்கள் அங்கே தங்கி உடல் தேறி, மழை தொடங்கியதும் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர்.

அப்போது அங்கே ஏரி இல்லை. மூன்று ஓடைகள் வந்து கூடும் சதுப்பு நிலமே இருந்தது. மதுரை ஜில்லாவில் கலெக்டராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர் 1863-ஆம் வருஷத்தில் தம் சொந்தச் செலவில் அதற்குக் குறுக்கே கரை போட்டு நீரைத் தேக்கினார். மீன் குஞ்சுகளை விட்டதும், தூத்துக்குடியிலிருந்து முதற் படகைத் தருவித்ததும் அவரே என்பர். ஓடை வந்து சேரும் பள்ளத்தைக் கரையிட்டு மறிப்பது பாண்டிய நாட்டு உழவருக்குப் புதிய வித்தை அன்று. தென்கரைக் கண்மாயின் கரையில் நடந்து பழகியவர் எவரும் கோடைக்கானல் ஏரியைக் கண்டால் அதுவும் ஒரு கண்மாயே என்று அறிந்துகொள்வர். வேற்றுமை யாதெனில், கண்மாய் வயலுக்காக வெட்டப்பட்டது. அவ்வேரி கண்ணுக்காகவும் ஓய்வுக்காகவும் கட்டப்பட்டது.

ஏரி உண்டான பின் அதன் கரையில் வீடுகள் பெருகின. பல தேசத்து, பல சபைகளைச் சேர்ந்த மிஷனெரிகள் தென்னிந்தியாவின் எல்லாப் பகுதிகளினின்றும் கோடையில் அங்கே கூடலாயினர். சாதாரணமாகத் தனித்தனியே ஒவ்வோர் ஊரில், தம் பாஷை பேசுவோர் ஒருவரும் இன்றி வாழ்ந்தவர்கள் அவர்கள். வருஷத்துக்கு ஒரு முறை கூடியபோது, தங்கள் வேலையைப் பற்றி மகாநாடு நடத்தினர், புஸ்தகங்களைப் பரிமாறிக்கொண்டனர், உபந்நியாசங்கள் கேட்டனர், இசைக் கச்சேரி செய்தனர், பந்தாடினர், படகு விட்டனர். ஓய்வும் கல்வியும் ஒரே இடத்தில் ஒரே காலத்தில் நடைபெற்றன. வெறும் ஓய்வாயின் சில நாட்களிற் சலித்திருக்கும். வெறும் படிப்பாயின் எவரும் மலையேறியிரார். இரண்டும் கலந்திருந்தமையாலேயே அக்கூட்டம் வருஷந்தோறும் தவறாது கூடிற்று.

அக்கூட்டத்தினின்று நிலையான ஸ்தாபனங்கள் சிலவும் தோன்றின. பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிப் பல வருஷம் பிரிந்திருக்க மனமில்லாத பெற்றோர் 1901-ஆம் வருஷத்தில் ஏரிக்கு அருகில் ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினர். அது இன்றும் பல தேசத்துப் பிள்ளைகள் பயிலும் சர்வதேசப் பள்ளியாக நடந்து வருகிறது. மலைச்சரிவில் சிறிது கீழே, செண்பகனூரில், ஏசு சபைக் குருமார் 1895-ஆம் வருஷத்தில் ஒரு கல்லூரி அமைத்து, பழனி மலையின் செடிகளையும் பிராணிகளையும் சேகரித்து ஒரு காட்சிசாலை ஏற்படுத்தினர்.

இவற்றினும் உழவர் முக்கியமாக அறிய வேண்டியது சூரிய ஆராய்ச்சி நிலையமாகும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக் கணக்கானோர் மாண்டனர். மழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் உண்டாகும் மாறுதல்களுக்கும் பருவ மழைக்கும் சம்பந்தம் உண்டா என்ற கேள்வி அப்பஞ்சத்துக்குப் பின் வலுத்தது. சூரியனை இடைவிடாது கவனிக்க மேகமும் தூசியும் குறைந்த உயர்ந்த இடம் வேண்டும் என்று கருதிக் கோடைக்கானல் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1899-ஆம் வருஷத்தில் நிலையம் அங்கே ஏற்பட்டது. 1909-ஆம் வருஷத்தில் ஜான் எவர்ஷெட் என்பவர், சூரியனிற் காணப்படும் கரும்புள்ளிகளினின்று வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை அங்கே கண்டுபிடித்தார். இன்றும் உலகத்து விஞ்ஞானிகள் அந்நிகழ்ச்சியை அவர் பெயராலேயே வழங்குகின்றனர். 1904 முதற் கொண்டு எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் அந்நிலையத்திற் சேமிக்கப்பட்டிருக்கின்றன. சூரியனிலுள்ள புள்ளியைப் பார்த்து, இவ்வருஷம் வைகையில் வெள்ளம் வரும், வராது என்று சொல்லும் நிலை மட்டும் ஏற்படவில்லை. ஆயினும் பஞ்சத்தில் மாண்ட உழவனைப் பற்றி எழுந்த ஒரு கேள்வியே அம்மலைமேல் அத்தகைய அறிவுநிலையத்தைக் கட்டுவித்தது என்பதை உழவர் மறத்தலாகாது.

இங்ஙனம் பெருமை வாய்ந்த ஏரிக்கரைக் கல்விக்கு ஒரு குறையும் இருந்தது. அக்குறையே கிராமத்தார்க்கு முக்கியமான பாடம். மோட்டார்ப் பாதை மலைமேல் ஏறியது முதல் உலக யுத்த காலத்தில்தான். அதற்கு முன்னெல்லாம், அம்மையநாயக்கனூரில் இறங்கியோர் மாட்டு வண்டியில் மலையடிவாரம் சென்று, அங்கிருந்து குதிரை மீதோ, நாற்காலியிலோ, டோலியிலோ ஏறினர். டோலியைத் தோளில் தாங்கியவரும், பெட்டிகளையும் புஸ்தகங்களையும் தலையிற் சுமந்தவரும் சமவெளிக் கிராமத்து ஏழை மக்கள். சுமையை இறக்கியபின் கூலி பெற்றுக் கீழே இறங்கிவிட்டனர். மேலே நடந்த உபந்நியாசம் ஒன்றையும் அவர்கள் கேட்டதில்லை. சுமந்து சென்ற பெட்டிக்குள் இருந்தது இன்ன புஸ்தகம் என்பதையும் அறியார். கல்வி மலைமேல் ஏறிற்று. ஏற்றியவர் வீட்டுக்கு அது இறங்கி வரவில்லை.

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. ஆனால் குறை முற்றும் நீங்கியதென்று சொல்வதற்கில்லை. இப்போது பஸ்ஸுக்குக் கட்டணம் கொடுக்கக் கூடிய எவரும் கோடைக்கானல் செல்லலாம். வாகனங்கள் மிகுந்து மலை தாங்காத நிலை வந்தமையால், சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024-ஆம் வருஷம் மே மாதம் முதல் இ-பாஸ் பெற்றே வாகனங்கள் மேலே செல்ல வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. சமவெளியிலிருந்து செல்வோர் ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரமுள்ள சாலையில் உலாவுகின்றனர், படகு ஏறுகின்றனர், மிட்டாய் வாங்குகின்றனர், மறுநாள் திரும்புகின்றனர். சூரிய ஆராய்ச்சி நிலையத்தையோ செண்பகனூர்க் காட்சிசாலையையோ பார்த்து வந்தவர் கூட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் கைகள் அதிகம் உயர மாட்டா. முன்னே வழி இல்லாமையால் கல்வி கிட்டவில்லை. இன்றோ வழி இருந்தும் பலர் அதைத் தேடுவதில்லை.

கோடையில் ஏரிக்கரையிற் கூடிக் கற்கும் வழக்கத்துக்கு உலகில் மிகப் புகழ்பெற்ற இடம் ஒன்று உண்டு. அது கோடைக்கானலில் முதல் வீடு கட்டியவர்களின் தாய்நாடாகிய அமெரிக்காவில், நியூயார்க் மாகாணத்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஷட்டாக்குவா ஏரிக்கரை. கோடைக்கானலில் விடப்பட்ட குறை அங்கே எவ்வாறு ஓரளவு நிரப்பப்பட்டது என்பதைப் பார்த்தல் பயன் தரும்.

ஷட்டாக்குவாக் கூட்டத்தை 1874-ஆம் வருஷத்தில் தொடங்கியவர் இருவர். ஒருவர் லூயிஸ் மில்லர். தானியம் அறுக்கும் யந்திரங்களைச் செய்து விற்ற தொழிலதிபர். மற்றவர் ஜான் ஹைல் வின்சென்ட், கிறிஸ்தவ போதகர். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஆசிரியர்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி கொடுப்பதே அவர்களுடைய முதல் ஏற்பாடு. கூடாரங்களில் தங்கினர், மரத்தடியிற் பாடம் கேட்டனர். பாலஸ்தீன தேசத்தின் மலைகளையும் ஆறுகளையும் சிறிய அளவில் மண்ணால் அமைத்து, அந்த ஏரியையே கடலாகக் கொண்டு, கரையோரமாக நடந்து பூகோளம் கற்குமாறு செய்தனர். எழுதப் படிக்கத் திறமை குறைந்தவரும் காலால் நடந்து கற்ற பாடம் அது. நாளடைவில் சமய போதனையோடு விஞ்ஞானம், சரித்திரம், இலக்கியம், சங்கீதம், நாடகம் ஆகிய யாவும் சேர்ந்தன. இன்று ஒவ்வொரு கோடையிலும் ஒன்பது வாரம் அங்கே கூட்டம் நடைபெறுகிறது. நுழைவோர் கட்டணம் செலுத்தியே நுழைகின்றனர்.

ஏரிக்கரைக்கு வந்து தங்கப் பணமும் ஓய்வும் உள்ளோரே வரக்கூடும் என்பதை வின்சென்ட் உணர்ந்தார். இளமையில் கலாசாலைப் படிப்பு வாய்க்காத வருத்தம் அவருக்கு இருந்தது. ஆகையால் 1878-ஆம் வருஷத்தில் வீட்டிலிருந்தே கற்கும் ஒரு வாசிப்புத் திட்டத்தை ஏற்படுத்தினார். நான்கு வருஷப் பாடம். வருஷத்துக்கு இன்னின்ன புஸ்தகங்கள் என்று ஒரு ஜாபிதா. அடுத்தடுத்த வீட்டார் சிலர் கூடி ஒரு வட்டமாக அமைந்து, வாரந்தோறும் ஒருவர் வீட்டில் அமர்ந்து படித்ததைப் பற்றிப் பேச வேண்டும். முதல் வருஷத்திலேயே 8,000-க்கு மேற்பட்டோர் சேர்ந்தனர். சிறு பட்டணங்களிலும் கிராமங்களிலும் வாழ்ந்த பெண்கள் அவர்களில் ஏராளம். அந்த ஏரியைக் கண்ணாற் காணாமலே அதன் கல்வியைப் பெற்றவர் பல்லாயிரவர்.

அப்பெயர் புகழ் பெற்றதும், அதை வைத்து வேறொரு முறையும் கிளம்பிற்று. 1904-ஆம் வருஷம் முதற் கொண்டு சில வியாபாரிகள் பெரிய கூடாரங்களை ரயிலில் ஏற்றி, ஊர் ஊராகச் சென்று, பிரசங்கிகளையும் பாடகர்களையும் நாடகக்காரர்களையும் மேடையேற்றினர். கூட்டம் ஏராளமாக வந்தது. ஆனால் கூடாரம் ஒரு ஊருக்கு வருமுன் அவ்வூர்ப் பிரமுகர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். இத்தனை ரூபாய்க்குச் சீட்டு விற்காவிடில் குறைந்த தொகையை அவர்களே கட்ட வேண்டும். நல்ல வருஷங்களில் இது பாரமாகத் தோன்றவில்லை. விளைபொருள் விலை விழுந்தபோது, ஜாமீன் நின்றவர்கள் கைப்பணத்தை இழந்து, மறு வருஷம் கையொப்பமிட மறுத்தனர். சினிமாவும் ரேடியோவும் வந்தன. பொருளாதார மந்தமும் வந்தது. 1930-க்குப் பின் சில வருஷங்களுக்குள் அக்கூடாரங்கள் மறைந்தன. ஊரார் கேட்டார்களேயன்றித் தாமாக ஒன்றும் நடத்திப் பழகாமையால், கூடாரம் போனதும் அநேக ஊர்களில் அதனோடு எல்லாம் போயிற்று. வின்சென்ட் தொடங்கிய வாசிப்பு வட்டமோ இன்றும் நடைபெறுகிறது.

ஜாமீன் என்றால் என்ன என்பதை ஐக்கிய சங்க அங்கத்தினர்க்கு விளக்க வேண்டுவதில்லை. பிறர் நடத்தும் காரியத்துக்குப் பொறுப்பு மட்டும் ஏற்று, அதன் நிர்வாகத்தில் ஒரு வார்த்தையும் பேச முடியாதவன் நிலை எப்படிப்பட்டது என்பதும் அவர்கள் அறிந்ததே. கல்வியிலும் அதே விதி செல்லும். வெளியூரிலிருந்து வாடகைக்கு வரும் கல்வி வாடகை உள்ளவரைதான் நிற்கும். அங்கத்தினர் தாமே நடத்தும் கல்வி, செலவு குறைந்தாலும் நிற்கும்.

இதற்கு அயல்நாட்டு உதாரணம் மட்டும் உண்டு என்று எண்ண வேண்டாம். தஞ்சை மண்ணில், மன்னார்குடியில், கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புஸ்தக அலமாரிகளை அமைத்து, அவ்வண்டியைக் கிராமங்களுக்கு அனுப்பும் நூல்நிலையத்தை 1931-ஆம் வருஷத்தில் ஏற்படுத்தினார். நூலகக் கலையின் தந்தை என்று போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். அரங்கநாதன் அதற்குத் துணை நின்றார். நெல் ஏற்றிய வண்டி, எரு ஏற்றிய வண்டி என்று வண்டியை அறிந்த கிராமம், புஸ்தகம் ஏற்றிய வண்டியை அன்று கண்டது. மலைக்குப் புஸ்தகம் தலைச்சுமையாக ஏறிய காலம் ஒன்று. கிராமத்துக்குப் புஸ்தகம் வண்டியேறி வந்த காலம் ஒன்று. அம்முயற்சிகளின் பயனாகவே 1948-ஆம் வருஷத்தில் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் ஏற்பட்டது. அதுமுதல் வீட்டு வரி செலுத்துவோர் நூலக வரியும் சேர்த்தே செலுத்தி வருகின்றனர். வரியைத் தவறாமல் கட்டிவிட்டுப் புஸ்தகத்தை மட்டும் எடுக்காமல் விடுவது, சங்கத்தில் பங்குப் பணம் கட்டிவிட்டுக் கடனோ உரமோ கேட்காமல் இருப்பதற்கு ஒப்பாகும்.

ஐக்கிய இயக்கத்துக்கும் கல்விக்கும் உள்ள சம்பந்தம் புதியதன்று. கோடைக்கானலில் முதல் வீடு எழும்பியதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பு, 1844-இல், இங்கிலாந்தின் ராச்டேல் பட்டணத்தில் நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் கூடி ஒரு பண்டகசாலை திறந்தனர். சில வருஷங்களில் இலாபம் கண்டதும், நூற்றுக்கு இரண்டரை வீதம் அங்கத்தினர் கல்விக்கென்று ஒதுக்கினர். கடைக்கு மேல்மாடியில் பத்திரிகைகளும் புஸ்தகங்களும் வைத்தனர். மாவும் வெண்ணெயும் வாங்க வந்தவன் ஒரு மணி நேரம் படித்துவிட்டுச் சென்றான். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983, சங்கங்கள் தம் இலாபத்திலிருந்து கூட்டுறவுக் கல்வி நிதிக்குப் பங்கு செலுத்த வேண்டும் என்று விதித்திருப்பது அவ்வழக்கத்தின் தொடர்ச்சியே. அத்தொகை எங்கோ போகும் செலவு என்று கணக்கில் எழுதிவிட்டு மறந்துவிடுகிற சங்கம், தனக்கு உரிமையான ஒன்றைக் கேளாது விட்ட சங்கமாகும்.

சோழவந்தானில் இதன் அவசரம் யாது? வைகையின் வடகரையில் இவ்வூரும் எதிர்க்கரையில் தென்கரையும் நெல்லுக்கும் தென்னைக்கும் வெற்றிலைக்கும் பேர்போனவை. 2023-ஆம் வருஷத்தில் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. அப்பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த அறிவுக்குப் பாதுகாப்பு இன்னும் வரவில்லை. எந்த மாதம் அகத்தி விதைப்பது, கொடியை எப்போது இறக்கிக் கட்டுவது, எந்த நோய்க்கு எந்த அடையாளம் முதலில் தோன்றும், எந்த இலை தூரப் பிரயாணம் தாங்கும் என்பனவெல்லாம் முதியவர் சிலரிடத்திலும், இலை கிள்ளி அடுக்கும் பெண்களிடத்திலும் மட்டும் உள்ளன. எழுதப்படவில்லை, கேட்பாரும் குறைந்து வருகின்றனர். படித்த பிள்ளைகள் மதுரைக்கும் சென்னைக்கும் செல்கின்றனர். ஒரு முதியவர் மறைந்தால், அவரோடு எரிவது ஒரு புஸ்தகசாலை என்று சொன்னாலும் மிகையாகாது.

கலையும் அவ்வாறே. தென்கரையிற் பிறந்த டி. ஆர். மகாலிங்கம் சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியிற் சேர்ந்து பாடிப் பழகி, 1945-இல் வெளிவந்த ஸ்ரீவள்ளி படத்தினால் தமிழ்நாடு முழுதும் புகழ் பெற்றார். அவர் குரலை உலகம் கேட்டது ஊரை விட்டுச் சென்ற பிறகு. பாடக் கூடிய பிள்ளை இன்றும் இவ்வூர்களில் உண்டு. அப்பிள்ளை பாடுவதற்கு ஊரில் ஒரு மேடையும், கேட்பதற்கு ஒரு சபையும், வருஷத்தில் நான்கு நாளாயினும் வேண்டும்.

ஆகையால் ஒவ்வொரு சங்கமும் கோடையில் வேலை குறைந்த நான்கு மாலைப் பொழுதுகளை அங்கத்தினர் கல்விக்கென்று ஒதுக்குதல் நலம். அம்மன் திருவிழா நாட்களைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும். அப்போது எவரும் வேறு காரியத்துக்கு வாரார். இடத்துக்குச் செலவு இல்லை. கண்மாய்க்கரை ஆலமரத்தடியே போதும்.

முதல் நாள், கண்மாயைச் சுற்றி நடக்க வேண்டும். ஷட்டாக்குவாவில் மண்ணால் அமைத்த தேசத்தில் நடந்து கற்றனர். இங்கே மெய்யான நீர்நிலை இருக்கிறது. வரத்துக் கால்வாய் எங்கே தூர்ந்திருக்கிறது, எந்த மடைப் பலகை உடைந்திருக்கிறது, கலுங்கு எந்த உயரத்தில் வழியும் என்பதை முதியோர் காட்ட, இளைஞர் ஒரு படம் வரைந்து எழுதிக்கொள்ள வேண்டும். 1895-இல் பெரியாற்று அணை முடிந்து மேற்கே ஓடிய நீர் வைகைக்குத் திருப்பப்பட்ட வரலாற்றை அன்று மாலை ஒருவர் சொல்லலாம்.

இரண்டாம் நாள், கொடிக்கால். பேசுவோர் கொடிக்கால்காரரும் இலை கிள்ளும் பெண்களுமாக இருத்தல் வேண்டும். பள்ளி மாணவர் இருவர் அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி, ஒரு நோட்டுப் புஸ்தகமாகச் சங்கத்தில் வைக்க வேண்டும். விவசாய இலாகா அலுவலரை அழைத்தால், அவர் முதலிற் கேட்டுவிட்டுப் பின்னர்ப் பேசுவது உசிதம்.

மூன்றாம் நாள், சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு. ஆஸ்தி, பொறுப்பு என்ற இரண்டு பத்திகளையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு தொகையும் எங்கிருந்து வந்தது என்று காரியதரிசி விளக்க வேண்டும். கணக்கு அறியாத அங்கத்தினன் சங்கத்துக்கு வெறும் கடன்காரனாக இருப்பானேயன்றிச் சொந்தக்காரனாக ஆக மாட்டான்.

நான்காம் நாள், பாட்டும் கதையும் நாடகமும். வெளியூர்க் கச்சேரி வேண்டாம். ஊர்ப் பிள்ளைகளும் ஊர்ப் பெரியவர்களும் பாடட்டும். நாற்று நடும் பாட்டு அறிந்த பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கின்றனர்.

இவ்வேற்பாட்டுக்கு மூன்று நிபந்தனைகள் இன்றியமையாதவை. ஒவ்வோர் அங்கத்தினரும் ஒரு சிறு தொகையாவது கட்டணம் செலுத்த வேண்டும். கட்டணம் கொடுத்தவன் நேரத்துக்கு வருவான். பெண்கள் கேட்பவராக மட்டுமன்றிச் சொல்பவராகவும் இருத்தல் வேண்டும். டோலி சுமந்தவர் வெளியே நின்ற அக்குறை இங்கே நேராதபடி, எந்தத் தெருவைச் சேர்ந்தவராயினும் ஒரே பாயில் அமர வேண்டும்; கண்மாய் நீர் எல்லோர் வயலுக்கும் பாய்வது போலவே கல்வியும் பாய வேண்டும்.

நான்கு நாள் முடிந்ததும் காரியம் முடிந்ததாக எண்ணலாகாது. அருகிலுள்ள கிளை நூலகத்திலிருந்து மாதம் ஒரு புஸ்தகமாக எடுத்து, பத்துப் பேர் கூடிய ஒரு வட்டம், எழுத்தறிந்தவர் வாசிக்க, மற்றவர் கேட்டு விவாதிக்குமாறு நடத்தினால், அடுத்த கோடை வரை அது நிலைக்கும். கடன் வசூல் ஆகாமல் இருக்கும்போது கல்வி எதற்கு என்று சிலர் கேட்கக் கூடும். கணக்கை அறிந்து, சங்கம் தன்னுடையது என்று உணர்ந்தவனே தவணையைத் தவறாமற் கட்டுபவன் என்பதே அதற்கு விடை.

கோடைக்கானல் ஏரியைக் காணச் செல்லும் அங்கத்தினர் செல்லட்டும். படகு ஏறிய பின், அரை நாள் ஒதுக்கி, பஞ்சத்தின் கேள்வியால் எழுந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தையும் கண்டு வரட்டும். திரும்பும் வழியில் கோடைக்கானல் ரோட்டில் ரயிலேறி இரண்டாம் நிலையத்தில் இறங்கும்போது, அங்கே கண்ட ஒன்றையாவது தம் சங்கத்தின் மரத்தடியிற் சொல்லத் தக்கதாகக் கொண்டுவரட்டும். முதற் கூட்டத்துக்கு நாள் குறித்து, வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதையும் ஓர் இனமாகச் சேர்க்குமாறு ஒவ்வொரு சங்கத்தின் காரியதரிசியும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.